தாத்தா சொல்லும் கறுப்பு நாய்

கேள்வி: இங்கிலாந்தின் சஃபோக்கில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். அங்கே ஒரு தாத்தா, இருட்டியபின் வயல் பாதையில் வரும் பெரிய கறுப்பு நாயைப் பற்றி அடிக்கடி சொல்வார். எழுதி வைக்கலாமா என்று கேட்டால், "பிளாக் ஷக் கதைதானே, இன்டர்நெட்டிலேயே கிடக்கிறதே" என்கிறார்கள் கூட வேலை பார்ப்பவர்கள். நான் எழுதுவதில் பயன் உண்டா?
– ஒரு வாசகி, இப்ஸ்விச்

பதில்: அவசியம் எழுதுங்கள் சகோதரி, தள்ளிப்போடாதீர்கள். இன்டர்நெட்டில் கிடப்பது பிளாக் ஷக் என்ற பேய் நாயின் பொதுவான கதை. உங்கள் தாத்தா சொல்வது எந்தப் பாதை, பார்த்தது யார், பார்த்தால் வீட்டில் சாவு விழும் என்றார்களா, இல்லை தனியாக நடப்பவருக்குத் துணையாக வந்தது என்றார்களா (கிழக்கு இங்கிலாந்தில் இரண்டு விதமாகவும் சொல்வார்கள்), இதெல்லாம் அவரோடு போய்விடும்.

உங்கள் பக்கத்து ஊரையே பாருங்கள். 1577 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை, பங்கி ஊர் சர்ச்சில் வழிபாடு நடக்கும்போது பயங்கர இடி மழை. ஒரு கறுப்பு நாய் உள்ளே பாய்ந்து இரண்டு பேரைக் கொன்றது என்று ஆபிரகாம் ஃபிளெமிங் அந்த ஆண்டே ஒரு சிறு நூலில் எழுதினார். ஆனால் அந்தச் சர்ச்சின் பதிவில், புயலில் மணிக்கூண்டில் இரண்டு பேர் இறந்தார்கள் என்று மட்டும்தான் இருக்கிறது, நாய் இல்லை. இரண்டையும் அந்தக் காலத்திலேயே எழுதி வைத்ததால்தான், ஒரு மின்னல் எப்படி நாயானது என்று 400 வருஷம் கழித்தும் நம்மால் யோசிக்க முடிகிறது. பிளைத்பரோ சர்ச் கதவில் கரிந்த தடங்களை அந்த நாயின் நகக்கீறல் என்று இன்றும் காட்டுகிறார்கள், நேரம் கிடைத்தால் போய்ப் பாருங்கள்.

எல்லா மேரி லெதர் என்ற அம்மையார் ஹெரஃபோர்ட்ஷயரில் வேலைக்காரர்கள், பீருக்குச் சேர்க்கும் ஹாப் பூ பறிக்க வந்தவர்கள், ஏழைகள் விடுதி முதியவர்கள் என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டு 1912இல் நூலாக்கினார். கிங்டன் ஊரை ஆட்டிப்படைத்த பிளாக் வாகனின் ஆவியை 12 பாதிரியார்கள் மந்திரம் படிப்பதுபோல் வேதம் படித்துப் படித்துச் சுருக்கி, மூக்குப்பொடி டப்பாவில் அடைத்துக் குளத்தடியில் புதைத்த கதை அதில்தான் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கதை அது. இதற்கு நேர்மாறு, சாமர்செட் கதைகளைத் தந்த ரூத் டங். அருமையான கதைகள், ஆனால் யார் எப்போது சொன்னார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லாததால், எது ஊர்க்கதை, எது அவரே கட்டியது என்று ஆய்வாளர்கள் இன்னும் சந்தேகப்படுகிறார்கள்.

அதனால் முதலில் தாத்தாவிடமும் இல்லத்திலும் அனுமதி வாங்குங்கள், அப்புறம் போனில் பதிவு செய்யுங்கள். அவர் வட்டார வழக்கில் சொல்லும் சொல்லைத் திருத்த வேண்டாம், பாதியில் நின்றால் இன்டர்நெட்டில் இருப்பதைக் கொண்டு நிரப்பவும் வேண்டாம். தேதி, இடம், அவர் பிறந்த ஊர், பார்த்த வேலை எல்லாவற்றையும் குறியுங்கள். ஒரு பிரதியைத் தர விரும்பினால், சஃபோக் மாவட்ட ஆவணக் காப்பகம் உங்கள் இப்ஸ்விச்சிலேயே 'தி ஹோல்ட்' கட்டடத்தில் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். நாளைக்கு அவர் பக்கத்தில் உட்காரும்போது, இந்தக் கதையை முதலில் உங்களுக்குச் சொன்னது யார் தாத்தா என்று தொடங்குங்கள்.