பதில்: நேனோடியூப் காட்டுல இருந்து நூல் இழுக்கும்போது அறுந்து போகுது

ப்ரோ, சிலிக்கான் வேஃபர்ல (மெல்லிசான தகடு) வளர்த்த நேனோடியூப் காட்டை, அதாவது புல்லு மாதிரி நெருக்கமா நிக்கற ரொம்ப நுண்ணிய கார்பன் குழாய்ங்களை, நூலா இழுத்தா ரெண்டு சென்டிமீட்டர்லயே அறுந்துடுது, வர்ற நூலும் புசுபுசுன்னு இருக்குன்னு கேட்டிருந்தீங்க. ரெண்டும் வேற வேற பிரச்சனை.

அறுந்து போறதுக்குக் காரணம் அநேகமா உங்க கை இல்ல, காடுதான். எல்லாக் காடும் நூலா வராது, குழாய்ங்க நெருக்கமா நேரா நின்னு பக்கத்துல இருக்கறதோட ஒட்டிக்கிட்டு இருந்தாதான் ஒண்ணு போகும்போது அடுத்ததையும் கூட இழுத்துட்டு வரும், அதனால குழாய் முளைக்கறதுக்கு அடியில போடற இரும்பு ஃபிலிம் திக்னஸையும், கார்பன் குடுக்கற அசிட்டிலீன் கேஸ் ஃப்ளோவையும் முதல்ல செக் பண்ணுங்க. உயரமா வளர்ந்தா நல்லதுன்னு நினைச்சு நான் ஒரு மாசம் வேஸ்ட் பண்ணேன், சில நூறு மைக்ரானே போதும்.

புசுபுசுப்புக்கு முறுக்குதான் மருந்து. 2002ல சீனாவோட சிங்ஹுவா யுனிவர்சிட்டில முதல்ல இழுத்தப்போ முறுக்கல, 2004ல டெக்சாஸ்ல ரே பாக்மேன்ங்கற விஞ்ஞானியோட டீம்தான் இழுத்துக்கிட்டே முறுக்கினாங்க, கிட்டத்தட்ட நம்ம தக்களி வேலை. முறுக்கினதும் அசிட்டோன் சொட்டு வழியா நூலை விடுங்க, காயக் காய கண்ணு முன்னாடியே இறுகிடும். முறுக்கு ஓவராச்சுன்னா பழைய டெலிபோன் ஒயர் மாதிரி சுருண்டுக்கும், முனையை விட்டுடாதீங்க. மாஸ்க் போட்டுட்டுதானே பண்றீங்க?