டெலிவரிக்கு ஓடும் பைக்கும் ஐந்து வருட வாரண்டியும்

கேள்வி: அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதுகிறேன். மகனுக்கு 125 சிசி பைக் எடுக்கப் பாளையங்கோட்டையில் ஒரு ஷோரூமில் 5,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டியிருக்கிறேன். ஆன் ரோடு விலையில் ‘எக்ஸ்டெண்டட் வாரண்டி’ என்று 2,400 ரூபாய் சேர்த்துவிட்டார்கள். வேண்டாம் என்றதற்கு, ‘அது இல்லாம வண்டி வெளிய வராது அண்ணாச்சி’ என்று பத்துப் பேர் முன்னால் சேல்ஸ்மேன் சத்தம் போட்டார். மூன்று நாளாகத் தூக்கமில்லை. கம்பெனி வாரண்டி 3 வருடம் அல்லது 36,000 கி.மீ. பணம் கட்டினால் 5 வருடம் அல்லது 60,000 கி.மீ. என்கிறார்கள். மகன் வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்வருவான். சாயங்காலம் அங்கேயே சாப்பாடு டெலிவரியும் பார்ப்பான். என் மச்சினன் வேறொரு பைக் வாங்கி இரண்டு வருடம் ஆகுமுன்னே இன்ஜின் சீஸ் ஆகிவிட்டது. ‘பார்ட்ஸ் ஃப்ரீ, லேபர் மட்டும் கொடுங்க’ என்கிறார்கள். அவன் புது வண்டிதான் வேண்டும் என்று கேஸ் போடப் போகிறான். நான் வாரண்டி வாங்கலாமா? என்னை அவமானப்படுத்தியவர்கள் மேல் என்ன நடவடிக்கை எடுக்கலாம்?

பதில்: சேல்ஸ்மேன் சத்தம் போட்டதில் வழக்கு எதுவும் இல்லை. அதை அங்கேயே விட்டுவிடுங்கள். உங்கள் கடிதத்தில் சட்டப்படி கணக்கில் வருவது, போகிறபோக்கில் நீங்கள் எழுதிய அரை வரிதான்: ‘சாயங்காலம் டெலிவரியும் பார்ப்பான்’.

வாரண்டிப் பத்திரத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் விலக்குகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். பந்தயம், வாடகை, வணிகப் பயன்பாடு மூன்றும் அநேகமாக ஒரே வரியில் வரும். சாப்பாட்டுப் பையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடும் வண்டி வணிகப் பயன்பாடா என்று வாதாட இடம் உண்டு. ஆனால் அந்த வாதத்தை நீங்கள் பணம் கட்டி, தேதி தேதியாக அலைந்து செய்ய வேண்டும்; கம்பெனி ‘கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது’ என்று ஒரு வரி எழுதினால் போதும். ஆதாரத்துக்கும் அவர்கள் சிரமப்பட வேண்டாம். சர்வீஸ் அட்வைசர், வண்டியை விடும்போது எழுதும் ஜாப் கார்டில் ‘டெலிவரி பேக் கேரியர் பொருத்தியுள்ளது’ என்று எழுதுவார், கீழே உங்கள் மகன் படிக்காமல் கையெழுத்துப் போடுவான்.

இதில் பாதி தெரிந்தவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ‘பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவனும் நுகர்வோர்தானே’ என்பார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2(7) பிரிவின் விளக்கம் அப்படித்தான் சொல்கிறது, சரி. அது நுகர்வோர் ஆணையத்தின் வாசலைத் திறந்துவிடும், அவ்வளவே. பத்திரத்தில் உள்ள ஷரத்தை அது அழித்துவிடாது. நியாயமற்ற ஒப்பந்தம் என்று ஒரு ஷரத்தையே செல்லாததாக்கும் அதிகாரத்தைச் சட்டம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் கொடுத்திருக்கிறது. 2,400 ரூபாய்ப் பத்திரத்துக்காக மாநில ஆணையத்தின் மதுரைக் கிளைக்குப் பஸ் ஏறப் போகிறீர்களா? தவிர, அந்த விளக்கம் ‘தானே வாங்கித் தானே பயன்படுத்துகிற’ ஆளுக்கு எழுதப்பட்டது. ஆர்.சி. உங்கள் பெயரில், ஓட்டுவது மகன், அவனுக்குக் கடையில் சம்பளம் வேறு. எதிர்த்தரப்பு வக்கீல் மூன்றையும் கிளப்புவார். வண்டியை மகன் பெயரிலேயே பதிவு செய்யுங்கள்.

இனி கிலோமீட்டர். அம்பையிலிருந்து வண்ணார்பேட்டைக்குப் போக வர 70 கி.மீ.க்குக் குறையாது. டெலிவரிக்கு 40 வைத்தால் நாளைக்கு 110. மாதம் 26 நாள் ஓடினால் 2,860 கி.மீ. ‘எது முதலில் வருகிறதோ அதுவரை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கம்பெனியின் மூன்று வருட வாரண்டி உங்களுக்குப் பதின்மூன்றாவது மாதமே முடிந்துவிடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கும் ‘ஐந்து வருடம்’ இருபத்தோராவது மாதத்தில் முடியும். ஆக, 2,400 ரூபாய்க்குக் கிடைப்பது எட்டு மாதக் காப்பு, அதுவும் வணிகப் பயன்பாட்டு விலக்கைத் தலையில் சுமந்துகொண்டு.

அந்த எட்டு மாதமும் எல்லாத் திட்டத்திலும் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். நீட்டிப்பு எந்த நாளில் தொடங்குகிறது என்று பாருங்கள். ‘அடிப்படை வாரண்டி முடிந்ததும்’ என்று இருந்தால் நல்லது. ‘வாங்கிய நாளிலிருந்து 3 வருடம் முடிந்தபின்’ என்று தேதி போட்டிருந்தால், 36,000 கி.மீ. தாண்டிய நாளிலிருந்து மூன்றாம் வருடம் முடியும்வரை உங்களுக்கு எந்தக் காப்பும் கிடையாது. காப்பு தொடங்கும் நாளில் மீட்டர் 60,000-ஐ எப்போதோ தாண்டியிருக்கும். பணம் கட்டி, ஒரு நாள்கூட அமலுக்கு வராத பத்திரம் அது.

அதிகம் ஓடும் வண்டிக்காரர்களின் கிளெய்ம் விழுவது பெரும்பாலும் சர்வீஸில். சர்வீஸ் புத்தகத்தில் 3,000 கி.மீ. அல்லது 90 நாள் என்று இருந்தால், எல்லோரும் நாளைத்தான் எண்ணுகிறார்கள். உங்கள் மகனுக்கு 3,000 கி.மீ. மாதத்துக்கு ஒரு முறை வந்துவிடும். மூன்று மாதம் கழித்துக் கொண்டுபோனால் மீட்டரில் 8,500 இருக்கும். இரண்டு சர்வீஸ் தவறியதாகக் கம்ப்யூட்டரில் ஏறிவிடும். பிறகு, வண்டிக்குக் கரண்ட் உண்டாக்கும் ஸ்டேட்டர் காயில் எரிந்தால்கூட, ‘உரிய இடைவெளியில் சர்வீஸ் செய்யப்படவில்லை’ என்று பதில் வரும். ஆயில் மாற்றாததற்கும் காயில் எரிந்ததற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம், நல்ல வாதம்தான். அதை நம்பி யாரும் பணம் கட்ட வேண்டாம். புத்தகத்தில் சீல் மட்டும் போதாது. ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஜி.எஸ்.டி. பில் வேண்டும். சில ஷோரூம்கள் தரும் வழவழப்புத் தாள் பில் ஒரு வருடத்தில் வெளுத்துவிடும், அன்றே ஜெராக்ஸ் எடுங்கள். வெளியில் ஆயில் வாங்கி ஊற்றினாலும், கூடுதல் ஹாரன், விளக்கு என்று வயரை வெட்டி இணைத்தாலும், அந்தப் பகுதியின் காப்பு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழி, பத்திரத்தை எழுதிக் கொடுப்பது யார் என்பது. வண்டிக் கம்பெனியே தரும் நீட்டிப்பு உண்டு. ஷோரூம் தன் பெயரில் தருவதும் உண்டு. இடையில் ஒரு தனி வாரண்டி நிறுவனம் நிற்பதும் உண்டு. ஆன் ரோடு சீட்டில் ஒரு வரியாகப் பணத்தை வாங்கிக்கொண்டு, கம்பெனியில் பதிவே செய்யாமல் விடும் ஷோரூம்களும் இருக்கின்றன. மூன்று வருடம் கழித்து டீலர்ஷிப் கை மாறியிருக்கும், புது ஆள் ‘எங்களுக்குத் தெரியாது’ என்பார். ஆன் ரோடு சீட்டு வாரண்டி ஆகாது. சேஸிஸ் நம்பர், தொடங்கும் தேதி, முடியும் தேதி, கி.மீ. வரம்பு நான்கும் அச்சான சான்றிதழும், வாரண்டிக்கென்று தனி பில்லும் கையில் வராமல் பணம் கொடுக்கக் கூடாது. வந்தபின், கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு சேஸிஸ் நம்பரை மின்னஞ்சலில் அனுப்பி, பதிவாகியிருக்கிறதா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

டெலிவரியே கிடையாது, கடைக்குப் போய்வருவது மட்டும்தான் என்றால் கணக்கு மாறும். மாதம் 1,820 கி.மீ.; கம்பெனி வாரண்டி இருபதாவது மாதம்வரை, நீட்டிப்பு முப்பத்து மூன்றாவது மாதம்வரை. பதின்மூன்று மாதக் காப்புக்கு 2,400 மோசமில்லை. ஆனால் ஃப்யூயல் பம்ப், இன்ஜெக்டர், ஈ.சி.யூ. (இன்ஜினை இயக்கும் மின்னணுப் பெட்டி), ஸ்டேட்டர் காயில் நான்கும் பட்டியலில் பெயர் சொல்லி இருக்க வேண்டும். பிஎஸ்-6 புகை விதிப்படி வரும் வண்டியில் கையைக் கடிப்பவை இவைதான். இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் மட்டும் என்றால் வேண்டாம். கிளட்ச் பிளேட், செயின் ஸ்ப்ராக்கெட், பிரேக் ஷூ, கேபிள், ரப்பர் சாமான் எந்த வாரண்டியிலும் வராது. டயருக்கும் பேட்டரிக்கும் அதது செய்த கம்பெனியின் வாரண்டி தனி.

வெள்ளமும் வாரண்டியில் வராது. 2023 டிசம்பர் போல தாமிரபரணி ஊருக்குள் வந்து இன்ஜினில் தண்ணீர் ஏறினால், அது இன்சூரன்ஸ் சமாச்சாரம். பாலிசியோடு இன்ஜினுக்கென்று தனி ஆட்-ஆன் (கூடுதல் காப்பு) எடுத்திருந்தால்தான் முழுதாகக் கேட்க முடியும். அந்த இன்சூரன்ஸ் பாலிசியிலும் ‘வாடகைக்கோ, சரக்கு ஏற்றவோ பயன்படுத்தினால் பொறுப்பில்லை’ என்ற வரி இருக்கிறது. மகன் டெலிவரி பார்ப்பதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு பாலிசி எடுங்கள். பிரீமியம் கூடினால் கூடட்டும்.

கட்டாயப்படுத்தி விற்பதற்கு வருவோம். ஒன்றை வாங்கினால்தான் மற்றொன்று என்பது 2(41) பிரிவின்படி தடைசெய்யும் வணிக நடைமுறை. வாரண்டியை அப்படித் தலையில் கட்ட முடியாது. (ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு 2018 செப்டம்பரிலிருந்து கட்டாயம். இரண்டையும் குழப்பிக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள்.) ‘வாரண்டி இல்லாத கொட்டேஷன் தருக, இல்லையேல் அட்வான்ஸைத் திருப்பித் தருக’ என்று இரண்டு வரி வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். எழுத்தில் கேட்டால் பெரும்பாலும் அந்த வரி தானாக மறையும். மறையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டு வேறு ஷோரூமில் வண்டி எடுங்கள். 2,400 ரூபாய்க்கு வழக்கு வேண்டாம்.

உங்களுக்கு என் பதில்: டெலிவரி தொடர்வதாக இருந்தால் வாங்காதீர்கள்.

மச்சினனுக்கு: சமாதானமாகப் போகச் சொல்லுங்கள். மாருதி கார் வழக்கு ஒன்றில் 2006-இலேயே உச்ச நீதிமன்றம், பழுதான பாகத்தை மாற்றித் தருவதாக வாரண்டி சொல்லும்போது வண்டியையே மாற்றித் தரச் சொல்ல முடியாது என்றுவிட்டது. உற்பத்திக் குறை என்று நிரூபிக்கும் பாரமும் அவர் தலையில்தான். அதற்கு நிபுணர் அறிக்கை வேண்டும். திருநெல்வேலி ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை, சரி. மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் வருடக்கணக்கு. ஜெயித்தாலும் அப்பீல் இருக்கிறது. அதுவரை வண்டி ஷோரூம் மூலையில் துருப்பிடிக்கும்.

சமாதானத்துக்கு முன் அவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. சீஸ் ஆன இன்ஜினை ஷோரூம் பிரிக்கும்போது ஆயிலை வடித்து அளப்பார்கள். 125 சிசி ரக வண்டி என்றால் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயில் இருக்க வேண்டும். முந்நூறு மில்லிதான் வடிந்தது என்று ஜாப் கார்டில் ஏறிவிட்டால், தப்பு வண்டிக்காரர் பக்கம் சாய்ந்துவிடும். எனவே வடிக்கும்போது பக்கத்தில் நின்று வீடியோ எடுக்க வேண்டும், அளவைப் பார்த்தபின்தான் கையெழுத்து. அதற்குள் ஊர்ப் பட்டறையில் பிரித்துப் பார்த்திருந்தாரானால், பேசிக்கொண்டிருக்காமல் ‘பார்ட்ஸ் இலவசம்’ என்பதை இன்றே பிடித்துக்கொள்ளட்டும். பிரிக்கவில்லை என்றால் லேபரில் பாதியையாவது குறைக்கச் சொல்லலாம். வாரண்டிக் காலத்தில் லேபர் கேட்பதே இழுபறியான விஷயம், இறங்கி வருவார்கள். மாற்றிய பாகங்களுக்கு எத்தனை மாதப் பொறுப்பு என்பதை பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற தாளை நீட்டினால், வண்டியை ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தபின் போடுகிறேன் என்று சொல்லச் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால், ‘வண்டி ஓட்டிப் பார்க்கப்படவில்லை’ என்று தன் கைப்பட எழுதி, அதன் கீழ் கையெழுத்துப் போடட்டும்.