டிரேடிங் கோர்ஸுக்காக நகையை அடகு வைக்காதீர்கள்

குடியாத்தத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகன் பி.காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். வேலூரில் ஒரு ஹோட்டலில் நடந்த இலவச வகுப்புக்குப் போய்வந்ததிலிருந்து, 85,000 ரூபாய் பங்குச் சந்தை டிரேடிங் கோர்ஸில் சேர்ந்தே தீருவேன் என்கிறானாம். அங்கேயே 10,000 ரூபாய் முன்பணமும் கட்டிவிட்டான். "மாசம் 50,000 நிச்சயம்னு சொல்றாங்க, பையனைத் தடுக்காதீங்க அண்ணி" என்று கொழுந்தனார் வேறு நெருக்குகிறார். மீதிப் பணத்துக்கு வளையலை அடகு வைக்கலாமா என்பது அவர் கேள்வி.

வைக்காதீர்கள் அம்மா. கொழுந்தனார் மனம் நோகும் என்பதற்காகக்கூட வைக்காதீர்கள்.

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ பிரிவில் (பிற்கால விலையை ஊகித்து ஒப்பந்தங்களை வாங்கி விற்கும் டிரேடிங்) இறங்கிய தனிநபர்களில் 100க்கு 93 பேருக்கு நஷ்டம். சராசரியாக ஆளுக்குச் சுமார் 2 லட்சம் ரூபாய் போயிருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் மாத வருமானம் நிச்சயம் என்று ஒருவர் சொன்னால், அதை நம்பிப் பணம் கட்டக் கூடாது. வகுப்பில் திரையில் காட்டிய லாபம் ஏதோ ஒரு நல்ல நாளின் படமாக இருக்கலாம். முழு ஆண்டின் லாப நஷ்டக் கணக்கையும் வருமான வரிக் கணக்கையும் காட்டச் சொல்லுங்கள். எந்தப் பங்கை வாங்கலாம், விற்கலாம் என்று காசு வாங்கிக்கொண்டு சொல்வதென்றால் செபி பதிவு வேண்டும். பதிவு எண்ணையும் கேளுங்கள். மாதத் தவணையில் கட்டலாம் என்பார்கள். அது பெரும்பாலும் பையன் பேரிலேயே எடுக்கும் கடன். வகுப்பு பிடிக்காமல் நின்றாலும் தவணை நிற்காது.

அந்த 10,000 ரூபாயைத் திருப்பித் தரச் சொல்லி இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள். விளம்பரம், ரசீது, வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்க வேண்டாம். மறுத்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம்; நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் வேலூரிலேயே முடியும். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. 2 ஆண்டுக்குள் தொடுத்துவிட வேண்டும்.

சரி, பையனுக்கு என்ன வழி? சி.ஏ., வங்கித் தேர்வு பற்றியெல்லாம் ஊரே சொல்லும். நான் சொல்வது என்.ஐ.எஸ்.எம். நடத்தும் தேர்வுகள். பங்குச் சந்தைப் படிப்புக்காகச் செபி தொடங்கிய நிறுவனம் அது. அதில் 5-ஏ என்ற வரிசை, பலரின் பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்டுகளை மக்களிடம் விற்கும் விநியோகஸ்தர்களுக்கானது. கட்டணம் சுமார் 1,500 ரூபாய். பாடப் புத்தகத்தை அவர்கள் இணையதளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 2 மணி நேரம், 100 கேள்விகள், 50 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. பான் கார்டு அவசியம்.

தேர்ச்சி பெற்றபின் மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியில் பதிந்து ஏ.ஆர்.என். என்ற விநியோகஸ்தர் பதிவு எண் வாங்கினால் சொந்தமாகவே தொழில் தொடங்கலாம். வாடிக்கையாளரின் முதலீடு இருக்கும்வரை ஃபண்ட் நிறுவனம் கமிஷன் தரும். ஆண்டுக்கு 0.8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 50 லட்சம் ரூபாய் முதலீட்டுக்கு 40,000 ரூபாய். அந்த 50 லட்சம் சேர வருடங்கள் ஆகும், அதை மறைக்க விரும்பவில்லை. அதனால் முதலில் சம்பளத்துக்குப் போகட்டும். ஃபண்ட் நிறுவனக் கிளை, பங்குத் தரகர் அலுவலகம், முதலீட்டாளர் கணக்குகளைப் பராமரிக்கும் கேம்ஸ் போன்ற நிறுவனங்கள் என்று விண்ணப்பிக்கலாம். பேரேடு பார்க்கத் தெரிந்த பி.காம் பையன் கையில் இந்தச் சான்றிதழும் இருந்தால் விண்ணப்பம் தனியாகத் தெரியும்.

இன்னொன்று, கல்லூரிக் கணக்குப் பதிவியலில் அவன் தான் வகுப்பில் முதல் என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுக்குப் பிடித்தது கணக்கா, பணம் சீக்கிரம் வரும் என்ற பேச்சா என்று அவனையே கேளுங்கள். கொழுந்தனார் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். அந்தப் பாடப் புத்தகத்தில் 2 அத்தியாயம் படிக்கட்டும். பிடிக்கவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள், வேறு வழி பார்க்கலாம்.