உத்தரவு மன்னருடையது, உழைப்பு யாருடையது?

கேள்வி: பைபிளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் ஜேம்ஸ் மன்னர் என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள். ஒரு மன்னருக்கு அவ்வளவு புலமை இருந்ததா?

பதில்: அதில் ஒரு வரிகூட ஜேம்ஸ் மன்னர் மொழிபெயர்த்ததில்லை. 1604-ல் உத்தரவு போட்டார், அவ்வளவுதான். ஏறத்தாழ 47 அறிஞர்கள் ஆறு குழுக்களாக உட்கார்ந்து வேலை செய்து, 1611-ல் நூல் வந்தது. அவர்களும் புதிதாகத் தொடங்கவில்லை. ஏற்கெனவே இருந்ததைத் திருத்தினார்கள். அந்த 'ஏற்கெனவே' யாருடையது என்பதைத்தான் உங்கள் வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும்.

வில்லியம் டிண்டேல் என்ற ஆங்கிலேய அறிஞருடையது. பிஷப்பின் அனுமதியில்லாமல் வேதத்தை ஆங்கிலத்தில் பெயர்ப்பது குற்றம் என்றிருந்த காலம். லண்டன் பிஷப்பிடம் ஆதரவு கேட்டார், கிடைக்கவில்லை. ஜெர்மனிக்குப் போய், கிரேக்க மூலத்திலிருந்து புதிய ஏற்பாட்டை நேரடியாக மொழிபெயர்த்து, 1526-ல் வோர்ம்ஸ் நகரில் அச்சிட்டு முடித்தார். பிரதிகள் துணி மூட்டைகளுக்குள் ஒளிந்து இங்கிலாந்துக்கு வந்தன. அதே பிஷப் அவற்றை வாங்கியும் பறித்தும் எரித்தார்.

ஏன் இவ்வளவு கோபம்? சில சொற்கள்தான். நம் பழைய தமிழ் பைபிளில் 'சபை', 'மூப்பர்', 'மனந்திரும்புங்கள்' என்று சாதாரணமாகப் படித்துவிட்டுப் போகிறோமே, ஏறக்குறைய அதே பொருளில்தான் அவரும் எழுதினார். திருச்சபை என்ற அமைப்பு, குருக்கள், குருவிடம் போய்ச் செய்யும் பரிகாரம் என்று படிக்கப் பழகியிருந்தவர்களுக்கு அது இடியாக விழுந்தது. ஜேம்ஸ் மன்னரின் ஒப்புதலோடு மொழிபெயர்ப்பாளர்களுக்கு வந்த விதிகளில் ஒன்று, பழைய திருச்சபைச் சொற்களையே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது! அப்படியும் 1611 நூலின் புதிய ஏற்பாட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் டிண்டேலின் வாசகம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

1535-ல், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆன்ட்வெர்ப்பில், நண்பனாக நடித்த ஒருவன் அவரைக் காட்டிக்கொடுத்தான். ஓராண்டுக்கும் மேல் வில்வோர்டே கோட்டைச் சிறை. அப்புறம் 1536-ல் கழுத்தை நெரித்துக் கொன்று, உடலை எரித்தார்கள். மூன்றே ஆண்டுகளில், மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆதரவோடு தேவாலயந்தோறும் வைக்கப்பட்ட ஆங்கில பைபிளில் பெரும்பகுதி டிண்டேல் எழுதியது. அவர் பெயர் மட்டும் அதில் இல்லை.

சிறையிலிருந்து அவர் லத்தீனில் எழுதிய ஒரு கடிதம் இன்றும் இருக்கிறது. குளிர் தாங்கவில்லை, இன்னும் கதகதப்பான ஒரு தொப்பி வேண்டும். மாலையில் இருட்டில் தனியே உட்கார முடியவில்லை, ஒரு விளக்கு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக எபிரெய பைபிளும் இலக்கணமும் அகராதியும் வேண்டும் என்று கேட்கிறார். அந்தக் கடிதத்தை உங்கள் வகுப்பில் வாசிக்கச் சொல்லுங்கள்.