தாத்தா சொல்லாத பெயர்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். ஒரு வாரமாக வீட்டில் ஒரே வாக்குவாதம். 'தி சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் 36ஆவது சீசன் கடைசி எபிசோடை மகள் இப்போதுதான் பார்த்தாள். கதைக் குடும்பத்தின் அம்மா மார்ஜ் இறந்துபோன எதிர்காலம் அதில் வருகிறது. தொடர் இப்படித்தான் முடிய வேண்டும், பிள்ளைகள் வளர்வதும் பெற்றோர் போய்ச்சேர்வதும்தானே உண்மை என்கிறாள். மகனோ, கடைசி எபிசோட் முதல் எபிசோடில் போய் ஒட்டிக்கொண்டு வட்டமாகிவிட வேண்டும் என்கிறான். தொடரை நடத்தியவர் ஒருவரே அப்படிச் சொல்லியிருக்கிறாராம்.

எனக்கும் இதில் அக்கறை உண்டு. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் குடும்பம் ஒன்றை வைத்து ஏழு நிமிடக் கார்ட்டூன் செய்து இணையத்தில் போட்டுவருகிறோம். 38 எபிசோட் ஆகிவிட்டது, 40இல் நிறுத்துவதாக முடிவு. கடைசியில் தாத்தா இறக்கிறார், தோட்டம் கைமாறுகிறது, புல்டோசர் வந்து லயத்தை இடிக்கிறது. வழக்கமான வேடிக்கைகளும் (ஒழுகும் கூரைக்குக் கீழே இடம் மாறிக்கொண்டே இருக்கும் வாளி, மகனை 'ஏய்' என்று மட்டுமே கூப்பிடும் தாத்தா) ஒருமுறை வந்துபோகும். தாத்தாவுக்குக் குரல் கொடுப்பவர் 76 வயது முன்னாள் மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்). இந்த முடிவு சரிவருமா?

க., சுங்கை சிப்புட்

அன்புள்ள க.,

வணக்கம். புல்டோசரை விட்டுவிடுங்கள். தாத்தாவையும் சாகடிக்க வேண்டாம். நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கும் வரியில்தான் உங்கள் முடிவு இருக்கிறது. அதற்கு வருமுன் பிள்ளைகளின் வழக்கைப் பார்த்துவிடுவோம். இருவரும் தொடரைக் கவனித்துப் பார்ப்பவர்கள் என்று தெரிகிறது.

மகள் சொல்லும் எபிசோட் 2025 மே 18 அன்று வந்தது. மார்ஜ் இறந்துவிட்டார் என்று பல நாடுகளில் செய்தியே போட்டார்கள். எதிர்காலம் காட்டும் எபிசோடுகள் எல்லாம் வெறும் கற்பனை, ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி இருக்கும் என்று பொறுப்பாளர் மேட் செல்மன் விளக்க வேண்டியதாயிற்று. அவர் சொன்னது சரி. 1995இலேயே மார்ஜின் மகள் லிசாவின் கல்யாண நாளைக் காட்டிவிட்டார்கள். 2011 டிசம்பரில், வளர்ந்த பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்புவதைக் காட்டினார்கள். குரல் கலைஞர்களின் ஊதியப் பேச்சு இழுபறியாக இருந்த நேரம் அது. தொடர் நின்றுபோனால் இதுவே கடைசியாக இருக்கட்டும் என்ற எண்ணத்தோடு எழுதப்பட்டது. நல்ல எபிசோட்தான். ஆனால் தொடர் நிற்கவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ எதிர்காலங்கள் வந்துவிட்டன, ஒன்றோடு ஒன்று ஒட்டுவதில்லை. இத்தனை தரம் செலவழித்துவிட்ட எதிர்காலத்தைக் கொண்டு தொடரை மூடினால் யாருக்கும் கனக்காது.

செய்பவர்களுக்கு வேறொரு தொல்லையும் இருக்கிறது. பாத்திரங்களுக்கு வயது கூட்டினால் ஒவ்வொருவரையும் முன், பக்கம், பின் என்று புதிதாக வரைய வேண்டும், வாயசைவுகளையும் புதிதாகப் போட வேண்டும். ஒன்பது பேர் என்றால் ஒன்பது புது உருவம், அதுவும் ஒரே எபிசோடுக்கு. திரையிலோ, இவர் யார், யாரைக் கட்டியிருக்கிறார், என்ன வேலை செய்கிறார் என்று சொல்வதற்கே பாதி நேரம் போய்விடும்.

மகன் சொல்வது நீண்ட காலம் தொடரை நடத்திய அல் ஜீனின் யோசனை. பள்ளிக் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்குக் குடும்பம் வந்துசேர்வதோடு கடைசி எபிசோட் முடியும். 1989 டிசம்பர் 17 அன்று வந்த முதல் எபிசோட் அங்கேதான் தொடங்குகிறது. யாருக்கும் வயது கூட்ட வேண்டியதில்லை என்பது இதன் பெரிய பலம். எனக்கு இதை ஏற்க முடியாததற்குக் காரணம் இறந்தவர்கள். பக்கத்து வீட்டு மாட் ஃபிளாண்டர்ஸ் 2000 பிப்ரவரியில் இறந்தார். ஆசிரியை கிராபாப்பலுக்குக் குரல் கொடுத்த மார்சியா வாலஸ் 2013 அக்டோபரில் காலமானதும் அந்தப் பாத்திரத்துக்கே ஓய்வு கொடுத்தார்கள். வட்டம் போட்டால் இவர்கள் எல்லாம் எழுந்து வந்துவிடுவார்கள். அவர்களுக்காகத் துக்கப்பட்ட பார்வையாளரைப் பார்த்து, நீ துக்கப்பட்டதே கணக்கில் இல்லை என்று சொல்வதாகிவிடும்.

எபிசோட் முடிந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்பது குடும்ப காமெடியின் அடிப்படை. மார்ஜின் பிள்ளைகளில் பார்ட்டுக்கு எப்போதும் 10 வயது, லிசாவுக்கு 8, மேகிக்கு 1. அப்பா ஹோமர் என்ன வேலைக்குப் போனாலும் கடைசியில் அணுமின் நிலையத்துக்குத் திரும்பிவிடுவார். இந்த வசதிக்கு விலையும் உண்டு. 1991இல் வந்த எபிசோட் ஹோமரும் மார்ஜும் 1974இல் பள்ளியில் படித்ததாகக் காட்டியது. 2008இல் அவர்களுடைய இளமையை 1990களுக்கே தள்ள வேண்டிவந்தது, பழைய ரசிகர்கள் மனம் கசந்தார்கள். இருந்தாலும் இந்தத் தொடர் எல்லாவற்றையும் அழித்துவிடுவதில்லை. 1995 அக்டோபரில் லிசா இறைச்சியை விட்டாள். அந்த எபிசோடில் தோன்றிய பாடகர் பால் மெக்கார்ட்னி போட்ட நிபந்தனையே, அவள் கடைசி வரை சைவமாக இருக்க வேண்டும் என்பதுதான். இன்றுவரை அப்படித்தான் இருக்கிறாள். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது. எனக்கு இந்தத் தொடரிலேயே நம்பிக்கை தருவது இதுதான்: சின்ன மாற்றம், யாரும் திருப்பி எடுத்துக்கொள்ளாதது.

நல்ல முடிவுக்கு உதாரணம் 'கிங் ஆஃப் தி ஹில்' என்ற இன்னொரு அமெரிக்கக் கார்ட்டூன். டெக்சஸில் எரிவாயு விற்கும் ஹேங்குக்குத் தன் மகன் பாபி கடைசி வரை பிடிபடவே இல்லை. பந்து விளையாட்டில் பாபிக்கு ஆர்வமில்லை, அவனுக்குச் சிரிக்க வைக்கத்தான் தெரியும். 2009 செப்டம்பரில் வந்த இறுதி எபிசோடில், இறைச்சியின் தரத்தையும் வெட்டையும் பார்த்தவுடன் அடையாளம் சொல்லும் திறமை பையனுக்கு இருப்பது தெரியவருகிறது. அப்பாவும் மகனும் அடுப்பருகே நின்று இறைச்சி வாட்டுவதோடு கதை முடிகிறது. யாரும் சாகவில்லை, ஊரைவிட்டும் போகவில்லை. தொடர் அதுவரை பாக்கி வைத்திருந்த ஒரே கடன் தீர்ந்தது. ஒளிபரப்பாமல் மிச்சமிருந்த நான்கு எபிசோடுகள் 2010இல் வந்தன. 2025இல் பாபி 21 வயது சமையல்காரனாகத் தொடர் திரும்பவும் வந்தது. எது வந்தாலும் அந்த அடுப்பருகுக் காட்சிக்குக் குறை வரவில்லை.

ஆகவே முதலில் கடனைத் தேட வேண்டும். சிம்ப்சன்ஸில் அது 1992 டிசம்பர் 3 முதல் நிலுவையில் இருக்கிறது. அன்றைய எபிசோடின் கடைசிக் காட்சியில் ஹோமர் மேகியைத் தூங்க வைக்கிறார். பிள்ளைகள் பேச ஆரம்பித்தால் எதிர்த்துப் பேசவும் ஆரம்பித்துவிடுவார்கள், நீ வாயே திறக்காமல் இருந்தால் நல்லது என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்துக் கதவைச் சாத்துகிறார். இருட்டில் மேகி வாயிலிருந்த சூப்பானை எடுத்துவிட்டு 'டாடி' என்கிறாள். அவர் கேட்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்குக் குரல் கொடுத்தவர் ஹாலிவுட் நடிகை எலிசபெத் டெய்லர். 2011இல் அவர் மறைந்துவிட்டார், சொல் மட்டும் பதிவில் இருக்கிறது. நான் எழுதுவதானால் கடைசி எபிசோடின் முதல் 20 நிமிடம் எப்போதும் போன்ற அபத்தமான ஸ்பிரிங்ஃபீல்டு கதைதான். கடைசியில் அதே அறை, அதே விளக்கு. கதவைச் சாத்தப்போன ஹோமர் எதையோ மறந்து திரும்பி வருகிறார், அதே குரலில் அந்தச் சொல்லைக் கேட்கிறார். அவர் முகத்தை நான்கு விநாடி காட்டினால் போதும்.

இங்கே கதையைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. கார்ட்டூனில் முகத்துக்கு வயதாவதில்லை, தொண்டைக்கு ஆகிறது. டான் காஸ்டலனெட்டா ஒருவரே ஹோமர், தாத்தா, கிரஸ்டி, பார்னி, மேயர் குவிம்பி எல்லாம். மார்ஜுக்கும் அவருடைய இரட்டைச் சகோதரிகளுக்கும் குரல் கொடுக்கும் ஜூலி கவ்னர் 1950இல் பிறந்தவர். பர்ன்ஸ், ஃபிளாண்டர்ஸ், ஸ்கின்னர் மூவருக்கும் பேசும் ஹாரி ஷியரர் 1943. ஒரு தொண்டை போனால் ஒரு தெருவே ஊமையாகும். தொடரை ஒளிபரப்பும் ஃபாக்ஸ் 2025 ஏப்ரலில் 40ஆவது சீசன் வரை, அதாவது 2028-29 வரை ஒப்பந்தம் போட்டிருக்கிறது. கடைசி எபிசோடின் எழுத்தையும் குரலையும் அதுவரை தள்ளிப்போடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். படம் வரைவதற்கு முன்பே குரல் பதிவாகிவிடுகிறது, அந்தக் குரலுக்குத்தான் வாயசைவு வரைகிறார்கள். இன்று பதிவு செய்த குரலுக்கு எத்தனை ஆண்டு கழித்தும் படம் வரையலாம். ஜப்பானில் 1969 அக்டோபர் முதல் ஓடும் 'சசாயே-சான்' என்ற குடும்பக் கார்ட்டூன் வேறு வழியில் போகிறது. நாயகிக்கு மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை ஒரே குரல். அவள் அப்பாவுக்குப் பேசியவர் 2014இல் இறந்ததும் வேறொருவர் தொடர்ந்தார். முடிவே வேண்டாம் என்று இருப்பவர்களுக்கு அது சரி. 40இல் நிறுத்துகிற உங்களுக்குத் தேவையில்லை.

இனி உங்கள் லயத்துக்கு வருகிறேன். 1994இல் 'டைனோசார்ஸ்' என்ற பொம்மலாட்டக் குடும்ப காமெடி, பனியுகம் வந்து எல்லாரும் அழியப்போவதாகக் காட்டி முடிந்தது. துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் அதைப் பார்த்த பிறகு பழைய எபிசோடு எதிலும் பழைய சிரிப்பு வராது. உங்கள் புல்டோசரும் 39 எபிசோடுகளின் மேல் ஏறிவிடும். லயம் காலியானது நம் ஊர்களில் நடந்த உண்மை, சொல்லத்தான் வேண்டும். அதற்கு ஏழு நிமிடம் போதாது. நஷ்டஈடு, மாற்று வீடு, தமிழ்ப்பள்ளி எங்கே போகும், கோயில் சிலையை எங்கே வைப்பது என்று ஒவ்வொன்றும் தனித்தனி எபிசோட் கேட்கும். அதை வேறு தொடராகச் செய்யுங்கள்.

தாத்தா மகனை 'ஏய்' என்று மட்டும் கூப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மனைவி 'ஏங்க' என்பார், பிள்ளைகள் 'அப்பா' என்பார்கள், மண்டோர் 'தம்பி' என்பார். அப்படியானால் 38 எபிசோடில் அந்த மனிதரின் பெயரை யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள். தாத்தா அந்தப் பெயரைச் சொல்வதுதான் உங்கள் கடன். எல்லா எபிசோடையும் திரும்பப் பாருங்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கிராணி (தோட்ட எழுத்தர்) பெயர் வாசிக்கும் காட்சி, சம்பளச் சீட்டு, பிள்ளையின் பள்ளிப் படிவம் எதிலாவது பெயர் வந்துவிட்டதா என்று பாருங்கள். வந்திருந்தாலும் பரவாயில்லை, தாத்தா வாயில் வராமல் இருந்தால் சரி.

ஏழு நிமிடம் என்பது 420 விநாடி. ஐந்தரை நிமிடம் வழக்கமான கதை ஓடட்டும், கூரை ஒழுகும் கதையே போதும். எல்லாப் பாத்திரங்களையும் வரிசையாக வரவழைத்து விடை சொல்ல வைக்காதீர்கள். 12 பேர், ஆளுக்கு 8 விநாடி என்றால் 96 விநாடி, கிட்டத்தட்ட கால்வாசி படம் அதிலேயே போய்விடும். ஆறாவது நிமிடத்தில் அப்பா கூரைமேல் ஏறியிருக்கிறார். தாத்தா கீழே நின்று ஆணியை நீட்டிக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அழுகைக் குரல் வேண்டாம், ஆணி வாங்கிக்கொள்ளக் கூப்பிடும் குரல்தான். அப்பாவின் சுத்தியல் ஓர் அடி தவறட்டும். இசை வேண்டாம். பிறகு மழை, சிங்க் தகரக் கூரையில் விழும் சத்தம், வீட்டுக்குள் வாளி, அதில் சொட்டு விழும் சத்தம் இல்லை. முப்பது விநாடி அப்படியே விட்டு முடியுங்கள். பின்னணிப் படம் முதல் எபிசோடில் போட்டதாகவே இருக்கட்டும், புதிதாக மெருகேற்றினால் பார்வையாளர் வேறு வீடு என்று நினைத்துவிடுவார்.

எழுதி முடிக்கும்வரை காத்திருக்காமல் தாத்தாவின் வரிகளை முதலில் பதிவு செய்யுங்கள். பெரியவருக்கு விடிந்ததும் சளி கட்டியிருக்கும். காலை 10 மணிக்கு மேல் வெந்நீர் கொடுத்து உட்கார வைத்துத் தொடங்குங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். வரிகளைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுங்கள். காகிதம் சரசரக்கும், அதனால் தாளைக் கையில் கொடுக்காமல் நிறுத்தி வையுங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேராக வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று இடிக்கும். காற்றாடியையும் ஐஸ் பெட்டியையும் அணையுங்கள். சிங்க் கூரையில் மழை விழுந்தால் அந்தப் பதிவு போயிற்று, ஆகவே பிற்பகலுக்குத் தள்ளாதீர்கள். சாலையோர வீடென்றால் செம்பனைக் குலை லோரிகள் போகும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றவர்களோடு சேர்த்து உட்கார வைக்காமல் அவரைத் தனியாகவே எடுங்கள். குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டால் பிறகு நேரம் மாற்ற முடியாது. எதிரொலி சேர்க்காமல், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடம். நிமிடத்துக்கு எட்டரை எம்பிக்குச் சற்றுமேல்தான் வரும், இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். அந்த அறையின் வெறும் அமைதியையும் முப்பது விநாடி எடுங்கள், வெட்டி ஒட்டும்போது இடைவெளியில் வைக்க அதுதான் உதவும். பதிவான குரலை எதற்கெல்லாம் பயன்படுத்துவீர்கள் என்பதை அவரிடம் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இருமல், சிரிப்பு, 'ம்', 'சரி', 'வா' எல்லாம் பத்துப் பத்துத் தடவை எடுங்கள். மகனின் பெயரை ஐந்து விதமாக: கீழிருந்து மேலே கூப்பிடுவது, பக்கத்தில் நின்று கூப்பிடுவது, திரும்பிப் பாராமல், களைப்பாக, அவசரமாக. எது கடைசிக் காட்சிக்கு என்று அவரிடம் சொல்ல வேண்டாம்.

அன்புடன்.