கவுன்சிலிங் கூட்டிட்டுப் போனா அக்கா அத்தானை மறந்துருவாளா?

திருநெல்வேலி ஜில்லா கல்லிடைக்குறிச்சி பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அவங்க அத்தான் பைக் ஆக்ஸிடென்ட்ல தவறி 8 மாசம் ஆச்சு. அக்கா சரியா சாப்பிடுறதில்ல, எந்த விசேஷ வீட்டுக்கும் போறதில்ல, பீடி சுத்திட்டு இருந்தவங்க இப்போ பீடித் தட்டையே தொடுறதில்ல, அத்தானோட போனை மட்டும் தினம் ராத்திரி சார்ஜ் போட்டு தலைமாட்டுல வச்சுக்கிடுதாங்க. "ஜங்ஷன் பக்கம் ஒருத்தர் துக்கத்துக்குன்னு கவுன்சிலிங் குடுக்காராம், 10 சிட்டிங் 25,000 ரூபா, மொத்தத்தையும் முன்னாடியே கட்டணுமாம். எங்களுக்கு ஆக்ஸிடென்ட் கிளெய்ம் போட்டுக் குடுத்த அண்ணாச்சிதான் சொல்லிவிட்டாரு. ஆனா அங்க போனா அத்தானை மறக்க வச்சிருவாங்கன்னு அக்கா அழுதா. கூட்டிட்டுப் போகலாமா வேண்டாமா?"ங்கிறதுதான் கேள்வி.

மொதல்ல அக்காவோட பயத்துக்கு பதில் சொல்லிருதேன். யாரும் யாரையும் மறக்க வைக்க முடியாது தங்கச்சி, அப்படி ஒரு வைத்தியமே கிடையாது. முறையா படிச்சவங்க செய்யுறது இதுக்கு நேர்மாறு. அத்தானைப் பத்தி பேசச் சொல்லுவாங்க. அன்னைக்கு காலைல வீட்டுல என்ன நடந்துச்சு, அவரு கெளம்பும்போது என்ன சொல்லிட்டுப் போனாரு, போன் வந்தப்போ நீங்க எங்க நின்னீங்கன்னு பொறுமையா கேப்பாங்க. அடுத்த வாரம் போனா திரும்பவும் அதே கதையத்தான் கேப்பாங்க, அதுக்கு அடுத்த வாரமும். வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு இது என்ன கூத்துன்னு தோணும். ஆனா மூணாவது தடவையோ நாலாவது தடவையோ சொல்லும்போதுதான் உள்ள கெடக்குறது வெளிய வரும், "தோசை மாவு தீந்துபோச்சுன்னு நான்தான் அனுப்புனேன், நான் அனுப்பாம இருந்தா இப்போ இருந்திருப்பாரு"ன்னு ஒரு வார்த்தை வந்து விழும். கூடவே ஒரே பாயில படுக்குற அம்மாவுக்குக்கூட அது தெரிஞ்சிருக்காது. வீட்டுல சொன்னா "அதெல்லாம் விதி, அழாத"ன்னு நாம வாயை அடைச்சிருவோம். அங்க அடைக்க மாட்டாங்க, அந்தப் பழி உங்க மேலயான்னு அவங்களே யோசிச்சுப் பாக்குற மாதிரி ஒவ்வொண்ணா கேப்பாங்க.

இதுக்கு நடுவுலயே சின்னச் சின்ன வேலையும் குடுப்பாங்க. இந்த வாரம் ரேஷன் கடைக்கு நீங்களே போயிட்டு வாங்க, அவரு விழுந்த ரோட்டு வழியா போற பஸ்ல தங்கச்சி கூட ஒருநாள் போயிப் பாருங்க, ஒரு மணி நேரம் தட்டை எடுத்து மடியில வைங்கன்னு. அழுற நேரமும் வேணும், அழுகைய விட்டுட்டு பொழப்பைப் பாக்குற நேரமும் வேணும், ரெண்டுக்கும் நடுவுல மனசு போயிட்டு போயிட்டு வர்றதுதான் இயல்புன்னு நெதர்லாந்துல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1999லயே எழுதிட்டாங்க, இன்னைக்கும் இந்த வேலையில இருக்குறவங்க அதை வச்சுத்தான் பாக்குறாங்க. அந்த போனைப் பத்தி கவலைப்படாதீங்க, அது பைத்தியம் இல்ல. நல்லதுக்குன்னு நெனச்சு அதை எடுத்து ஒளிச்சு மட்டும் வச்சிராதீங்க.

நம்ம பக்கத்துல துட்டி கேக்க, அதாவது சாவு வீட்டுக்கு துக்கம் விசாரிக்க வர்ற வழக்கம் பெரிய விஷயம். பதினாறு வரைக்கும் வீடு நெறய ஆள் இருக்கும், கட்டிப்புடிச்சு அழ, எப்படி ஆச்சுன்னு கேக்க, கஞ்சி குடிக்க வைக்க ஆள் இருக்கும். பதினாறு முடிஞ்சு பந்தல் பிரிச்ச பொறவு ஒருத்தரும் இல்ல. அதுக்குப் பொறவு அழுதா "இன்னும் எத்தன நாளைக்கு, புள்ளைய பாரு"ங்கிறதுதான் பேச்சு. உங்க அக்கா சொல்றதைக் கேக்குற காது அன்னையில இருந்து இல்லாமப் போச்சு, கவுன்சிலிங் திருப்பிக் குடுக்குறது அதைத்தான், அது கூட கொஞ்சம் படிப்பும்.

8 மாசம் ஆச்சே, இது நோயான்னா, காலண்டரை மட்டும் வச்சு சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனத்தோட பட்டியல்ல 6 மாசத்துக்கு மேலங்குறாங்க, அமெரிக்க மனநல டாக்டர்கள் 2022ல சேர்த்த வரையறையில பெரியவங்களுக்கு ஒரு வருஷம்ங்குறாங்க. முக்காவாசிப் பேருக்கு எந்த கவுன்சிலிங்கும் இல்லாமலே நாளாக நாளாக கொறஞ்சிரும். கொறயவே இல்ல, மொத நாள் மாதிரியே ஏக்கம் இருக்கு, செத்துட்டாருன்னே நம்ப முடியல, செஞ்சிட்டு இருந்த வேலை எல்லாம் நின்னுபோச்சுன்னா காட்டணும். நீங்க எழுதுனதைப் பாத்தா காட்டுறது நல்லது, ஆனா பதறி ஓட வேண்டியதில்ல. "நானும் அவரு கூடவே போயிருதேன்"ங்கிற பேச்சு வந்தா மட்டும் அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க, தனியா விடாதீங்க, ராத்திரின்னா 14416க்கு போன் போடுங்க, அது டெலி மனஸ்ங்கிற அரசாங்கத்தோட மனநல உதவி போன், காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

இப்போ அந்த 25,000க்கு வாறேன். கட்டாதீங்க. எத்தன சிட்டிங் வேணும்னு ஆளைப் பாக்காம யாராலயும் சொல்ல முடியாது, சிலருக்கு நாலஞ்சு தடவையில தெளிவு வரும், சிலருக்கு பதினாறுக்கும் மேல ஆகும், அன்னன்னைக்கு பாத்ததுக்கு அன்னன்னைக்கு குடுக்குறதுதான் முறை. பேக்கேஜ்னு ஒருத்தர் சொன்னாலே எந்திரிச்சு வந்துருங்க. போர்டுல கவுன்சிலர்னு போட்டுக்க இங்க யாருக்கும் தடை இல்லாத நெலம, மூணு மாசம் ஆன்லைன்ல படிச்சவங்களும் போடுதாங்க, துக்கம் அஞ்சு கட்டமா போகும்னு சுவத்துல ஒரு சார்ட்டை மாட்டி "உங்க அக்கா இப்போ ரெண்டாவது கட்டத்துல இருக்காங்க, நான் அஞ்சாவதுக்கு கொண்டு போயிருதேன்"னு கணக்கு சொல்லுவாங்க. அந்த அஞ்சு கட்டத்தை 1969ல எலிசபெத் கூப்ளர்-ராஸ்ங்கிற டாக்டரம்மா சொன்னது சாகப்போறோம்னு தெரிஞ்ச நோயாளிகள் கிட்ட பேசிட்டு, புருஷனை எழந்தவங்க ஒவ்வொரு படியா ஏறணும்னு அதுல ஒண்ணும் இல்ல. ஹிப்னாடிசம் பண்ணி அத்தான் கூட பேச வைக்கேன்ங்கிற ஆளுங்களும் இருக்காங்க, அவங்க கிட்ட வாசப்படியே மிதிக்காதீங்க. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுன்னா இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு நம்பர் இருக்கும், அதைக் கேளுங்க, உண்மையான ஆள் கோவிக்க மாட்டாரு.

அடுத்தது கிளெய்ம் அண்ணாச்சி. இவரு எதுக்கு கவுன்சிலிங்குக்கு ஆள் புடிக்காருன்னு யோசிச்சீங்களா? துட்டி வீட்டு வாசல்லயும் ஆஸ்பத்திரி பிணவறை வாசல்லயும் நின்னு கேஸ் புடிக்குற கூட்டம் நம்ம ஜில்லாவுல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். இப்போ புதுசா "மன உளைச்சல்னு ஒரு சர்டிபிகேட் வாங்குங்க, நஷ்டஈடு கூடும்"னு வேற ஆரம்பிச்சிருக்காங்க. எறந்தவரோட வயசு, வருமானம், அவரை நம்பி எத்தன பேரு, இதை வச்சுத்தான் தொகை போடுவாங்க, புருஷனை எழந்த மனைவிக்குன்னு தனியா ஒரு தொகை உண்டு, அதுக்கு எந்த கவுன்சிலிங் பேப்பரும் வேண்டாம். பொம்பளைங்களுக்கு வருமான வரம்பு பாக்காம இலவசமா வக்கீல் வச்சுக் குடுக்க கோர்ட்டுலயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, கேஸ் எந்த நெலமயில இருக்குன்னு அங்க போயி ஒரு தடவை விசாரிங்க. அக்கா வெத்துத்தாள்ல எங்கயாவது கையெழுத்து போட்டிருக்காங்களான்னும் கேட்டுக்கோங்க.

மாத்திரை பத்தி. துக்கத்தைப் போக்க மாத்திரை கிடையாது, தூக்கம் வரலன்னு மெடிக்கல்ல சும்மா கேட்டு வாங்கிக் குடுக்காதீங்க, அந்த வகை மாத்திரை சீக்கிரம் பழக்கமாயிரும். ஆனா ஒண்ணு. உங்க அக்காவுக்கு அத்தான் போறதுக்கு முன்னாடியே, கல்யாணத்துக்கு முன்னாடியோ பிரசவத்துக்குப் பொறவோ எப்பவாவது மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்ட பழக்கம் இருந்தா கதையே வேற. அவங்களுக்கு துக்கத்தோட சேர்ந்து பழைய நோயும் திரும்பியிருக்கலாம், அப்போ பேச்சு மட்டும் பத்தாது, மனநல டாக்டர் பாத்தே ஆகணும். இப்பவும் சாப்பிட்டுட்டு இருக்காங்கன்னா எந்த கவுன்சிலரு "மாத்திரை எல்லாம் விஷம், நிறுத்துங்க"ன்னு சொன்னாலும் நிறுத்தாதீங்க, கூட்டுறதும் கொறைக்குறதும் எழுதிக் குடுத்த டாக்டரோட வேலை. திடீர்னு நிறுத்தி தலைசுத்தல், படபடப்புன்னு வந்து, அதையும் துக்கம்னே நெனச்சு வீட்டுல விட்டுருதாங்க. அதனால பழைய சீட்டு பீரோவுல கெடந்தா தேடி எடுங்க, போகும்போது மறக்காம கொண்டு போங்க, அக்காவே வேண்டாம்னாலும் கொண்டு போங்க.

எங்க போறதுன்னா, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. மாவட்ட மனநலத் திட்டத்துல இருந்து தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் டாக்டர் குறிப்பிட்ட நாள்ல வருவாங்க, அம்பாசமுத்திரத்துல எந்த நாள்னு சீட்டு போடுற எடத்துல கேளுங்க. அங்க நெலம என்னன்னும் சொல்லிருதேன். ஓபி வரிசை நீளம், டாக்டர் ஒரு ஆளுக்கு அஞ்சு நிமிஷம் ஒதுக்குனா பெரிசு, அழுதாங்கன்னா மாத்திரை எழுதிருவாங்க, சைக்காலஜிஸ்ட்டு இருந்தாலும் பாதி நாள் ஊனமுற்றோர் சர்டிபிகேட்டுக்கு டெஸ்ட் பண்ணவே சரியாப் போவுது. தென்காசி தனி ஜில்லாவாகி 2019ல இருந்து இத்தன வருஷம் ஆச்சு, இன்னும் அந்தப் பக்கத்து சனத்துல பல பேரு ஹைகிரவுண்டுக்குத்தான் பஸ் ஏறுதாங்க. புருஷன் செத்த பொம்பள ஒரு முக்கா மணி நேரம் ஒக்காந்து பேச இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில ஒரு ரூம் ஒதுக்க முடியலன்னா என்னத்த சொல்ல. அதனால நீங்கதான் வாயைத் தொறந்து "மாத்திரை மட்டும் வேண்டாம், சைக்காலஜிஸ்ட்டு கிட்ட பேசணும், தேதி குடுங்க"ன்னு கேக்கணும். கேட்டா குடுப்பாங்க, கேக்காட்டி கெடைக்காது.

ஊருக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாங்கன்னு அம்மா யோசிப்பாங்க. 2017 மனநலச் சட்டப்படி அங்க பேசுனதை வெளிய சொல்லக்கூடாது, சொந்தக்காரங்க வந்து கேட்டாலும் பொதுவா அக்கா சம்மதம் இல்லாம சொல்ல மாட்டாங்க. நீங்க கூடப் போங்க, ஆனா ரூமுக்குள்ள அக்கா மட்டும் போகட்டும். திரும்பி வரும்போது பஸ்ல வச்சு "என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்ன"ன்னு குடையாதீங்க, அவங்களா சொன்னா கேட்டுக்கோங்க. மொத ரெண்டு தடவை போயிட்டு வந்த அன்னைக்கு முன்னைவிட கூடுதலா அழுவாங்க, அதைப் பாத்துட்டு பாதியில நிறுத்திராதீங்க.