மடியா, சீட்டா? கைக்குழந்தையோடு பயணம்: கேள்வி பதில்

கார் சீட் பொருத்தப் பயிற்சி பெற்ற குழந்தைகள் நலச் செவிலியர் ஒருவர், ஒன்றரை வயதுக்குள் இருக்கும் குழந்தைகளோடு பயணம் போவது பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். கேட்டவர்கள் எல்லோரும் டெல்டா மாவட்டத்துக்காரர்கள்.

கும்பகோணம்: அக்கா, அடுத்த மாதம் மனைவிக்குப் பிரசவம். ஆஸ்பத்திரி தஞ்சாவூரில். குழந்தையைக் கூட்டி வரும் முதல் நாளே கார் சீட் வேண்டுமா? எதைப் பார்த்து வாங்குவது?

முதல் நாளே வேண்டும் தம்பி. பிரசவத்துக்கு முன்பே வாங்கிப் பொருத்தி, ஒரு பொம்மையை உட்கார வைத்து நான்கு தடவை பூட்டித் திறந்து பழகிவிடுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு கையேட்டைப் புரட்டக் கூடாது.

சீட்டின் அடியிலோ முதுகிலோ ஒட்டியிருக்கும் தரமுத்திரையைப் பாருங்கள். ஐரோப்பிய விதியான ஆர்44/04 அல்லது ஆர்129, இல்லையென்றால் நம் நாட்டு ஏஐஎஸ்-072 இருக்க வேண்டும். முத்திரை இல்லாத, துணியும் பஞ்சும் மட்டுமாக வரும் மலிவுச் சீட்டுகளைத் தொடாதீர்கள். அவை வெறும் மெத்தைதான்.

பச்சைக்குழந்தைக்கு சீட் காரின் பின்பக்கத்தைப் பார்த்து இருக்க வேண்டும். அந்த வயதில் தலை கனம், கழுத்து இளசு. முன்னால் மோதும்போது பின்னோக்கிய சீட்டில் முதுகும் தலையும் சேர்ந்து அழுத்தத்தைத் தாங்கும். முன்னோக்கிய சீட்டில் உடம்பைப் பட்டை பிடித்துக்கொள்ள, தலை மட்டும் முன்னால் பாயும். ஆர்129 விதிப்படி 15 மாதம் முடியும்வரை பின்னோக்கித்தான் வைக்க வேண்டும். அதற்குப் பிறகும் சீட்டின் எடை, உயர வரம்பு இடம் கொடுக்கும்வரை அப்படியே விடுங்கள். ஒரு வயது ஆகிவிட்டது, ரோட்டை வேடிக்கை பார்க்கட்டும் என்று திருப்பி வைக்காதீர்கள்.

கார் பெல்ட்டால் கட்டும் சீட்டுகளில் பெரும்பாலும் நீல நிறக் குறி பின்னோக்கிய வழி, சிவப்பு முன்னோக்கிய வழி. நீலக் குறி இருக்கும் எல்லாக் கொக்கியிலும் பெல்ட் நுழைந்திருக்க வேண்டும். உங்கள் முழங்கையைச் சீட்டில் ஊன்றி, உடம்பு எடையைக் கொடுத்துக்கொண்டே பெல்ட்டை இழுத்து இறுக்குங்கள். பிறகு பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் அசையக் கூடாது. பெல்ட் இல்லாமல் சீட்டைக் காரோடு நேரே மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி காரிலும் சீட்டிலும் இருந்தால் வேலை சுலபம். இரண்டு பக்கமும் பச்சைக் குறி தெரிகிறதா என்று பாருங்கள்.

சீட்டில் தோளுக்கு மேல் போடும் பட்டை குழந்தையின் தோள் மட்டத்தில் அல்லது அதற்குச் சற்றுக் கீழிருந்து வர வேண்டும். இறுக்கிய பிறகு தோளருகே பட்டையைக் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலுக்குள் சிக்கினால் இன்னும் தளர்வு. துண்டில் சுற்றிய குழந்தையை அப்படியே உட்கார வைத்துப் பட்டை போடக் கூடாது. முதலில் பட்டை, அதற்கு மேல் போர்வை. இடுப்பில் வெள்ளி அரைஞாண் இருந்தால் பக்கிளுக்கு அடியில் நசுங்காமல் விலக்கிவிடுங்கள்.

இன்று நான் பல தடவை சொல்லப் போவது ஒன்று உண்டு. தாடை நெஞ்சில் முட்டக் கூடாது. பச்சைக்குழந்தையின் மூச்சுக்குழல் மெல்லியது, தலை முன்னால் கவிழ்ந்தால் சத்தமே இல்லாமல் அடைத்துக்கொள்ளும். சீட் சுமார் 45 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். முதல் சில வாரங்களில் அரை மணிக்கு ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள். தாய் பின்சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும்.

மன்னார்குடி: குழந்தை என் மடியில் இருந்தால்தான் அழாமல் வருகிறது. நான் பெல்ட் போட்டு, அதே பெல்ட்டுக்குள் குழந்தையையும் வைத்துக்கொள்கிறேன். போதாதா?

போதாது என்பதைவிட, அதுதான் ரொம்ப ஆபத்து அம்மா. 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதி நிற்பதும் மூன்றாம் மாடியிலிருந்து தரையில் விழுவதும் ஏறக்குறைய ஒன்று. அந்த நொடியில் எதுவும் தன் எடையைப் போல 20, 30 மடங்கு கனக்கும். 6 கிலோக் குழந்தை 120 முதல் 180 கிலோ வரை இழுக்கும். எந்தக் கையும் பிடிக்க முடியாது. ஒரே பெல்ட்டுக்குள் இருந்தால் உங்கள் எடை முழுவதும் அதே கணக்கில் பெருகி, பெல்ட்டுக்கும் உங்களுக்கும் நடுவில் குழந்தை நசுங்கும்.

அழுதால் வண்டியை ஓரங்கட்டி, எடுத்துப் பால் கொடுத்து, ஏப்பம் விட வைத்து, மறுபடி சீட்டில் வையுங்கள். ஓடும் வண்டியில் பால் கொடுக்காதீர்கள்.

பாபநாசம்: திருக்கருகாவூரில் தொட்டில் பிரார்த்தனை முடிக்க மூன்று மாதக் குழந்தையோடு போகிறோம். அங்கிருந்தே தாய்மாமன் வீட்டுக் காதுகுத்து. வண்டி நிறைய சாமான்.

சாமானைப் பற்றி யாருமே கேட்பதில்லை, நீங்கள் சொன்னது நல்லது. சீர்வரிசைத் தட்டு, பித்தளைக் குத்துவிளக்கு, தேங்காய், தண்ணீர் கேன் எல்லாம் பின்சீட்டிலும் அதன் பின்னால் உள்ள பலகையிலும்தான் போகின்றன. இரண்டு கிலோ விளக்கு மோதலில் 40, 60 கிலோ அடியாகக் குழந்தையின் தலைப்பக்கம் வரும். கனமான எல்லாம் டிக்கியில், தரையோடு, சீட் முதுகை ஒட்டி. டிக்கி இல்லாத வண்டியென்றால் கால்வைக்கும் இடத்தில்.

இன்னொன்று, தை மாசியில் சம்பா அறுவடை நடக்கிறது. தார்ரோட்டில் பாதியை அடைத்து நெல் காய்கிறது, ஓரத்தில் கருங்கல்லை அடுக்கியிருக்கிறார்கள். இரவில் பின்விளக்கு இல்லாத டிரெய்லர் நிற்கும். கைக்குழந்தை இருந்தால் பகலில் போய்ப் பகலிலேயே திரும்புங்கள். நெல் பரப்பிய இடத்தில் திடீர் பிரேக் போட்டால் சக்கரம் வழுக்கும்.

திருவையாறு: பாட்டி மடியில் பின்சீட்டில் வைத்தால்?

மன்னார்குடிக்குச் சொன்ன பதிலேதான். பாட்டிக்கும் கை இரண்டுதான்.

ஒரத்தநாடு: நீங்கள் சொல்வதெல்லாம் ஹைவேக்குச் சரி. எங்கள் ஊர் ரோடு புது ஆற்றுக் கரையோடு போகிறது. வண்டி தண்ணீரில் விழுந்தால், சீட்டில் கட்டிப்போட்ட குழந்தையை எப்படி எடுப்பது? மடியில் இருந்தால் தூக்கிக்கொண்டு நீந்தலாமே.

இந்தப் பயத்தை நான் மதிக்கிறேன் ஐயா. வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு, கல்லணைக் கால்வாய் என்று எந்தக் கரையிலும் ரோடு இருக்கிற ஊர் நம்முடையது. நிதானமாகப் பார்ப்போம்.

வண்டி தண்ணீருக்குள் போவதற்கு முன் கரையிலிருந்து உருளும், மதகில் இடிக்கும், இல்லை தலைகுப்புற விழும். முதல் அடி அதுதான். அந்த அடியில் கட்டாத குழந்தை கையிலிருந்து போய்விடும், கட்டாத பெரியவருக்கு நினைவு தப்பும். நினைவிருக்கிற பெரியவரால்தான் குழந்தையை எடுக்க முடியும். அதனால் தண்ணீருக்காகவே எல்லோரும் பெல்ட் போட வேண்டும்.

ஒரத்தநாடு: தண்ணீரில் பக்கிள் மாட்டிக்கொண்டால்?

குழந்தை சீட்டின் நடுவில் இருக்கும் சிவப்புப் பட்டன் ஒன்றுதான், அதை அழுத்தினால் தோளில் போட்ட இரண்டு பட்டையும் கழன்றுவிடும். குழந்தை கை பட்டுத் திறக்கக் கூடாது என்று கொஞ்சம் அழுத்தமாகத்தான் வைத்திருப்பார்கள். 4 முதல் 8 கிலோ அழுத்தம் வேண்டும். பெருவிரலை நேராக வைத்து அழுத்த வேண்டும், நகத்தால் முடியாது. வீட்டில் பாட்டி உட்பட எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு திறந்து பழகுங்கள். ஐந்து விநாடிக்குள் வர வேண்டும். பக்கிள் துவாரத்தில் பிஸ்கெட் தூளும் பால்பவுடரும் போய் இறுகும். மாதம் ஒருமுறை தலைகீழாகத் தட்டி, வெந்நீரில் அலசுங்கள். எண்ணெய் விடாதீர்கள்.

திருக்காட்டுப்பள்ளி: நானும் ஒரத்தநாட்டுக்காரர் பக்கம்தான். கதவே திறக்காது என்கிறார்களே.

கதவைத் தொடவே வேண்டாம், வெளியே தண்ணீர் அழுத்தும். வரிசை இது. உங்கள் பெல்ட்டைக் கழற்றுங்கள், ஜன்னலை இறக்குங்கள், குழந்தையைக் கழற்றி முதலில் வெளியே கொடுங்கள், பிறகு நீங்கள். விழுந்த கையோடு ஜன்னல் பட்டன் பெரும்பாலும் வேலை செய்யும். அந்த முதல் ஒரு நிமிடத்தை போன் பேசி வீணாக்கக் கூடாது. இறங்காவிட்டால் பக்கக் கண்ணாடியின் மூலையில், ஸ்பிரிங் வைத்த கண்ணாடி உடைப்பானை அழுத்துங்கள். முன்கண்ணாடி உடையாது, அது இரண்டு அடுக்கு ஒட்டியது. பெல்ட் அறுக்கும் கத்தியும் சேர்ந்தே வரும். டிரைவர் கைக்கெட்டும் இடத்தில் கட்டி வையுங்கள், டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டால் பயனில்லை.

ஒரத்தநாடு: சரி, ஆனாலும் ஆற்றில் தண்ணீர் இருக்கும்போதாவது மடியில்…

இல்லை ஐயா. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் ஜனவரி 28 வரை பாசனத் தண்ணீர். மற்ற நாளில் அதே கால்வாய் காய்ந்த தரை. தண்ணீர் இல்லாத கால்வாயில் விழுந்தால் தரை இடிக்கும். இரண்டுக்கும் பதில் பெல்ட்தான். இந்தக் கேள்வியை இத்தோடு நிறுத்துவோம், அடுத்து விமானப் பயணக் கேள்வி காத்திருக்கிறது.

திருவாரூர்: கணவர் சிங்கப்பூரில். ஐந்து மாதக் குழந்தையோடு திருச்சியிலிருந்து தனியாகப் போகிறேன். என்னென்ன பார்க்க வேண்டும்?

சுமார் நான்கு மணி நேரப் பயணம். குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும், பிறப்புச் சான்றிதழ் நகலையும் கையில் வையுங்கள்.

ஜன்னலோர இருக்கை கேளுங்கள். நடைபாதை ஓரத்தில் சூடான டீ தலைக்கு மேல் போகும், தள்ளுவண்டி காலில் இடிக்கும். மடிக்குழந்தைகளுக்குக் கூடுதல் ஆக்ஸிஜன் முகமூடி உள்ள வரிசையில்தான் உட்கார வைப்பார்கள், ஊழியர் சொன்ன இடத்தை மாற்றிக்கொள்ளாதீர்கள். முகமூடி இறங்கினால் முதலில் உங்களுக்கு, அடுத்து குழந்தைக்கு. நீங்கள் மயங்கினால் குழந்தைக்கு மாட்ட ஆளில்லை.

உங்கள் பெல்ட்டில் கோத்துக் குழந்தைக்குப் போடும் சிறு பெல்ட்டை ஊழியர் தருவார். ஏறும்போதும் இறங்கும்போதும் போட்டே ஆக வேண்டும். நடுவானில் குலுக்கினாலும் அதே. அது குழந்தை பறந்துபோகாமல் பிடிக்கும், கார் சீட் தரும் காப்பு தராது. குழந்தைக்குத் தனி இருக்கை வாங்கி, விமானத்துக்கு அனுமதி உள்ள கார் சீட்டைப் பொருத்துவதுதான் சிறந்த முறை. சீட்டிலேயே அந்த வாசகம் ஒட்டியிருக்கும். இருக்கை அகலத்தை முன்கூட்டியே கேளுங்கள். சிறிய விமானங்களில் தொங்கும் தொட்டில் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் பெல்ட் விளக்கு எரிந்தவுடன் குழந்தையை எடுத்துவிட வேண்டும்.

காது வலி ஏறும்போது வருவதைவிட இறங்கும்போதுதான் அதிகம். தரையிறங்க அரை மணி முன்னால் இறக்கம் தொடங்கும். அப்போதிலிருந்து பால் கொடுங்கள், விழுங்கும்போது காதுக்குழாய் திறக்கும். காதில் பஞ்சு வைப்பதால் அழுத்தம் மாறாது. காதில் எண்ணெய் விடாதீர்கள். மூக்கிலும் விடாதீர்கள், நுரையீரலுக்குப் போகும். கைப்பையில் திரவத்துக்கு உள்ள 100 மில்லி வரம்பு குழந்தைக்கான பாலுக்கும் வெந்நீருக்கும் தளர்த்தப்படும், பால்பவுடரோடு சேர்த்துச் சோதனை மேசையில் தனியே எடுத்துக் காட்டுங்கள். பவுடரைக் கலந்து எடுத்துப் போகாமல் தனியே வைத்து, குடிக்கும் நேரத்தில் கலக்குங்கள். கலந்தது இரண்டு மணிக்கு மேல் வெளியில் இருந்தால் கொட்டிவிடுங்கள்.

நாகப்பட்டினம்: தூங்க வைக்க சளி மருந்து இரண்டு சொட்டு கொடுத்துக் கூட்டிப் போகலாம் என்கிறார்களே?

கூடாது. சளி மருந்தில் தூக்கம் வருவது பக்கவிளைவு, மூச்சையும் மந்தமாக்கும். குளோர்பெனிரமின், பினைல்எஃப்ரின் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் உத்தரவே போட்டது. தாடை கவிழ்ந்த குழந்தை மருந்து மயக்கத்தில் விழித்து அழாது.

மயிலாடுதுறை: வாடகை வேனில் மேல்கைப்பிடியில் தூளி கட்டினால் குலுக்கல் தெரியாமல் தூங்குகிறது.

அவிழ்த்துவிடுங்கள். அந்தக் கைப்பிடி பெரியவர் ஒரு கையால் பிடிக்கச் செய்தது. நல்ல கார்களில் அதே விளிம்புக்குள் பக்க ஏர்பேக்கும் மடித்து வைக்கப்பட்டிருக்கும். பிரேக்கில் தூளி முன்சீட்டில் மோதும். துணிக்குள் முகம் புதைந்தால் தெரியாது, தாடையும் கவிழும்.

சீர்காழி: முன்சீட்டில் வைத்தால் டிரைவர் பார்த்துக்கொள்ளலாமே?

ஏர்பேக் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் விரியும், பின்னோக்கிய சீட்டின் முதுகில் நேரே அறையும். எப்போதும் பின்சீட்.

பட்டுக்கோட்டை: ஸ்கூட்டியில் ஆறு மாதக் குழந்தையோடு பக்கத்து ஊர்?

4 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு உடம்புப் பட்டை வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது, 9 மாதம் முதல் ஹெல்மெட்டும் வேண்டும் என்பது விதி. 9 மாதத்துக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு ஹெல்மெட் கனத்தைத் தாங்கும் கழுத்து கிடையாது. வேண்டாம். பஸ்ஸில் போங்கள், படிக்கட்டுப் பக்கம் விட்டு நடு வரிசையில்.

தஞ்சாவூர்: அக்னி நட்சத்திரத்தில் கார் கொதிக்கிறது. சீட்டை மூடி வைக்கலாமா?

குழந்தை இல்லாதபோது வெள்ளை வேட்டியைச் சீட்டின்மேல் போட்டு மூடுங்கள். உட்கார வைக்கும் முன் பக்கிளைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், இரும்பு நாக்கு தொடையில் சுட்டுவிடும். குழந்தை உட்கார்ந்த சீட்டின்மேல் துணி மூடவே கூடாது, காற்று அடைபடும். கடையில் ஒரு நிமிடம் என்றாலும் குழந்தையைப் பூட்டிய காரில் விடாதீர்கள். ஆறு மாதத்துக்குள் தண்ணீர் வேண்டாம், தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள்.

வலங்கைமான்: குறைப்பிரசவம், மூச்சு கொஞ்சம் வாங்குகிறது. விமானத்தில்?

இதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன். பறக்கும்போது கேபின் காற்று 6,000 முதல் 8,000 அடி மலை உயரத்துக்குச் சமம், ஆக்ஸிஜன் குறைவு. குழந்தை மருத்துவரிடம் காட்டி எழுத்தில் வாங்கிய பிறகே டிக்கெட்.

பேராவூரணி: மெதுவாகத்தானே போகிறோம், உள்ளூர்தானே, மடியில்…

இல்லை. மேலே பல முறை சொன்னேன். காவல்துறை கேட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவில் 14 வயதுக்குள் கட்டாத குழந்தைக்கு 1,000 ரூபாய் அபராதமும் உண்டு. நான் சொல்வது அபராதத்துக்காக அல்ல.

திருத்துறைப்பூண்டி: வீடு வந்த பிறகும் சீட்டிலேயே தூங்குகிறது. எழுப்ப மனமில்லை. சீட்டோடு தூக்கித் திண்ணையில் வைத்துவிடலாமா?

வேண்டாம் அம்மா. வண்டியில் சரியான கோணத்தில் இருந்த சீட், திண்ணையில் வேறு கோணத்தில் உட்காரும், தாடை நெஞ்சில் விழும். கட்டிலில், மேசையில் வைத்தால் சாய்ந்து உருளும். பட்டையைக் கழற்றி, ஒரு கை கழுத்துக்கும் ஒரு கை இடுப்புக்கும் கொடுத்துத் தூக்கி, கெட்டியான பாயில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணை வேண்டாம். விழித்து அழுதால் அழட்டும், பால் கொடுத்தால் மறுபடி தூங்கிவிடும்.